வானம் இல்லாத திரை

நான் இதைத் தப்பாகத்தான் சொல்லப் போகிறேன். எந்த முனையில் தொடங்கினாலும் தப்பாகிவிடும் போலிருக்கிறது. பிள்ளை தூரமாக நின்றது என்று தொடங்கினால் பொய் சொல்கிறாள் என்பார்கள், ஏனென்றால் பிள்ளை தூரமாக நிற்கவில்லை, அதன் நீல நிறத் தண்ணீர் பாட்டில் வேனின் பின்சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்ததைச் சந்தில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றது என்று தொடங்கினால், பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் வண்டியைப் பின்னால் வரச் சொன்னாயா என்று கேட்பார்கள். பிள்ளை பக்கத்தில் நின்றது. நான் அதைத் தூரத்தில்தான் பார்த்தேன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு வாய் போதாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, பெரிய மேஜைக்கு எதிரில் நின்றாலே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரின்ஸ்பால் மேடத்தின் அறைக்கு வெளியே இந்த பெஞ்சில் உட்கார்ந்து, மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. உள்ளே பிள்ளையின் அப்பா சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். கதவு சாத்தியிருப்பதால் வார்த்தை தெரியவில்லை, சத்தம் மட்டும் வருகிறது, மேஜையைத் தட்டும் சத்தமும். பெஞ்சின் அந்தக் கோடியில் டிரைவர் பால்சாமி அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும். உள்ளே கேட்கப் போவது ஒன்றே ஒன்றுதான், யார் தப்பு. ஒரு பெயர் சொன்னால் போதும் அவர்களுக்கு. அவர் பெயரைச் சொன்னால் அவர் இன்றைக்கே வீட்டுக்குப் போவார், பிள்ளை மேல் வண்டியை விட்டவன் என்ற பேச்சோடு போவார், அப்புறம் எந்த ஸ்கூலும் அவரைச் சேர்க்காது. என் பெயரைச் சொன்னால் நான் போவேன். இரண்டில் எது நடந்தாலும் நாளைக் காலையில் வேறு ஒரு டிரைவரோ வேறு ஒரு ஆயாவோ அதே வேனில், அதே திரையைப் பார்த்துக்கொண்டு, அதே சந்துக்குள் பின்னால் போவார்கள்.

என் நகக்கண்ணில் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. ஆயுத பூஜைக்கு இட்டது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டே இருக்கிறேன். என்னமோ ஒன்று சரியில்லாமல் இருந்தது இன்றைக்குக் காலையில், சந்தில் திரும்பும்போது, திரையைப் பார்த்ததுமே, என்னமோ ஒன்று குறைகிற மாதிரி, வீட்டைப் பூட்டிவிட்டு வந்த பிறகு அடுப்பை அணைத்தோமா என்று நெஞ்சு ஒரு நொடி நிற்குமே அந்த மாதிரி. அது என்ன என்று பிடிபடவில்லை. எனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று சரியில்லாமல்தான் இருக்கும், அதனால் என் பயத்தை நானே மதிப்பதில்லை. ஒருவேளை மதித்திருந்தால். வேண்டாம், முதலிலிருந்து வருகிறேன். வக்கீல் தோப்புச் சந்து முட்டுச் சந்து. உள்ளே போனால் வேனைத் திருப்ப இடமில்லை. அதனால் ரோட்டிலிருந்தே பின்னால் எடுத்துக்கொண்டு, கடைசி வீட்டு கேட் வரைக்கும் போய், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நேராக வெளியே வர வேண்டும். முன்பெல்லாம் நான் இறங்கிவிடுவேன். வேனுக்குப் பின்னால் நின்று, வா வா வா என்று கையாட்டிக்கொண்டே பின்வாங்கி நடப்பேன், போதும் என்றால் பின்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவேன், பால்சாமி அண்ணன் நிறுத்துவார். முட்டி வலிக்கும். மழை பெய்தால் சேலை முட்டுவரை நனையும். கோடை லீவு முடிந்து வந்தபோது வேனுக்குப் பின்னால் ஒரு கேமராவையும், அது காட்டுவதைப் பார்க்க முன்னால் ஒரு சின்னத் திரையையும் மாட்டினார்கள். மேடமே வந்து பார்த்தார்கள். "இனிமே நீங்க ஏறி இறங்க வேண்டாம் முத்துராக்கு, முன் சீட்ல உக்காந்து திரையப் பாத்துச் சொன்னாப் போதும், உங்க முட்டிக்கு விடுதலை" என்று சிரித்தார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. முன் சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போவது யாருக்குக் கசக்கும்.

கார் சாமான் கடை ஜாபர்தான் வந்து மாட்டினான். சின்னப் பெண் பிள்ளைகளின் கட்டை விரல் அளவுகூட இருக்காது அந்தக் கண். காருக்கு என்றால் நம்பர் பிளேட்டுக்கு மேலே மாட்டுவார்களாம், வேனில் அங்கே மாட்டினால் பிள்ளைகள் நோண்டும், ஏறி மிதிக்கும் என்று உச்சியில், பின் கண்ணாடிக்கு மேலே மாட்டினான். இவ்வளவு சின்னக் கண்ணில் எப்படித் தெரு முழுக்கத் தெரியும் என்று கேட்டேன். எனக்கு எதையாவது கேட்காவிட்டால் தூக்கம் வராது. அவன் பையிலிருந்து உடைந்துபோன பழைய கேமரா ஒன்றை எடுத்து, திருகிக் கழற்றி, என் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினான். பொட்டுப் பொட்டாகக் கண்ணாடிகள். "இது முன்கண்ணாடி, அக்கா. தடவிப் பாருங்க, வெளிய தொப்ப மாதிரி தள்ளியிருக்கும், உள்பக்கம் குழிஞ்சிருக்கும். பக்கவாட்டுல வர்ற வெளிச்சத்தக்கூட விடாம வளைச்சு உள்ள இழுத்துப் போடும். மீன் கண்ணுனு சொல்வாங்க." சரி, அதற்கு எதற்கு இத்தனை கண்ணாடி என்றேன். "முதல் கண்ணாடி எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு வருமா, வர்றப்ப கோணல்மாணலாக்கிடும். அது பண்ண கோணல நேராக்க அடுத்தது. அது விட்டத நேராக்க அதுக்கு அடுத்தது. இப்படியே வரிசையா. விலை ஒசந்த லென்ஸ்ல நேர்கோடு நேராவே நிக்கும். நம்மது ஓரத்துல கொஞ்சம் வளையத்தான் செய்யும், கண்டுக்காதீங்க." பால்சாமி அண்ணன் பீடியை அணைத்துவிட்டு, "நம்ம ராக்கு கதை சொல்ற மாதிரிடா தம்பி, மொத வாட்டி கோணலாச் சொல்லும், அப்பறம் ஒவ்வொண்ணா நேராக்கும்" என்றார். நானும் சிரித்தேன். இப்போது அது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. முதல் வார்த்தை கோணலாகிவிட்டால் உள்ளே மேடம் அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பார்களா. ஜாபர் இன்னொன்றும் சொன்னான். தெரு முழுக்க அந்தச் சின்னத் திரைக்குள் அடங்க வேண்டும் என்றால் எல்லாமே சுருங்கித்தான் ஆக வேண்டும், சுருங்கினால் தூரமாகத் தெரியும், அதனால்தான் திரையில் கோடு போட்டிருக்கிறது, கண்ணை நம்பாதீங்க, கோட்டை நம்புங்க என்றான். பச்சைக் கோட்டிலோ அதற்கு அப்பாலோ ஆள் நின்றால் பயமில்லை, மஞ்சள் வந்தால் மெல்ல, சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். நான் கோட்டை நம்பினேன். இன்றைக்குக் காலையிலும் நம்பினேன். அந்தப் பிள்ளை பச்சைக் கோட்டை ஒட்டித்தான் இருந்தது. எறும்பு மாதிரி இருந்தது.

சுருங்கினால் தூரம் என்று கண் ஏன் நினைத்துக்கொள்கிறது. என் மகள் ஊரிலிருந்து வந்திருந்தபோது எல்லாரையும் சேர்த்து போனில் படம் எடுத்தாள், கையை நீட்டி. ஓரத்தில் நின்ற எனக்கு மண்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கன்னம் பக்கத்துக்குப் போய், "அம்மா, உனக்கு மட்டும் பூசணிக்காத் தலை" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நடுவில் வந்து நில்லும்மா, ஓரத்தில் நின்றால் இந்த லென்ஸ் இழுத்துவிடும் என்றாள். அன்றைக்கு இரவு கண்ணாடியில் என் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், நிஜமாகவே அப்படி ஆகிவிட்டேனோ என்று. பைத்தியக்காரத்தனம்தான். படத்தில் பின்னால் நின்ற மருமகன் குட்டிப் பையன் மாதிரி இருந்தார், என் தோளில் அவர் கை இருந்தது, அவ்வளவு பக்கம். அதைப் பார்த்தேனே, கையில் வைத்துப் பார்த்தேனே, பக்கத்தில் நிற்கிறவர் தூரத்தில் நிற்கிற மாதிரி. பார்த்தும் எனக்கு அது இன்று காலை ஞாபகம் வரவில்லை. கண்ணுக்கு ஞாபகசக்தி கிடையாது போலிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏமாறுகிறது.

"ராக்கு." பால்சாமி அண்ணன் கூப்பிட்டார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து வந்தார். "உள்ள போயி என்ன சொல்லப் போற தாயி?" தெரியவில்லை என்றேன். "நீ வான்னு சொன்ன. நான் வந்தேன். அதத்தான சொல்லணும்?" அவர் குரலில் கோபமில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நீங்களும் திரையப் பாத்துக்கிட்டுத்தானண்ணே இருந்தீங்க" என்றேன். "பாத்தேன். பாக்கலைனு சொன்னா என் கண்ணு அவிஞ்சு போகும். கேட்டு பக்கத்துலதான் நிக்குதுன்னு நானும் நெனச்சேன்." கையை முகத்தில் தேய்த்துக்கொண்டார். அப்புறம், "அந்த பாட்டிலு" என்றார். எனக்கும் அது காதிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் நசுங்கும் சத்தம். அதற்கு முன்னால் ஒன்று, திரையில், கேட்டை விட்டு முன்னால் வந்த பிள்ளையின் அம்மா, இன்னும் பெரிய எறும்பு, இரண்டு கையையும் தூக்கினாள். சந்தில் புழுதி என்று ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது, சத்தம் வரவில்லை. எதற்கு இந்தப் பொம்பளை கையைத் தூக்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். டாட்டா காட்டுகிறாள் என்றுகூட நினைத்தேன், கடவுளே. அப்புறம் என் வாய் என்னைக் கேட்காமலே நிறுத்துங்க என்று கத்தியது, அவர் மிதித்தார், பின்னால் பாட்டில் நசுங்கியது. இறங்கி ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை, இந்த முட்டியை வைத்துக்கொண்டு. பிள்ளை சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தது. பம்பர் அதன் பையை இடித்துத் தள்ளியிருக்கிறது. உள்ளங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அழவில்லை. என்னைப் பார்த்து, "ஆயாம்மா, என் பாட்டில்" என்றது. விஜயதசமி அன்றைக்குத்தான் சேர்த்த பிள்ளை, மிதுனிகா, இன்றைக்குத்தான் முதல் தடவையாக வேனில் வருகிறது. வேன் வந்து நிற்கும் வரை கேட்டை விட்டு வரக் கூடாது என்று அதற்கு யார் சொல்லியிருப்பார்கள். அம்மா பூட்டைப் பூட்டத் திரும்பியிருக்கிறாள், பிள்ளை வேனைப் பார்த்த சந்தோஷத்தில் ஓடி வந்துவிட்டது. இப்போது எல்கேஜி மிஸ் மடியில் உட்கார்ந்திருக்கிறது, வராந்தாவின் அந்தக் கோடியில், காலை ஆட்டிக்கொண்டு. கையில் பிஸ்கட். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன், பார்த்தால் அந்தக் கால் ஆடுவது மட்டும்தான் தெரிகிறது, அந்தக் கால் ஆடாமல் இருந்திருக்கலாம் என்பது தெரிகிறது.

ஆனால் கோடு. கோட்டை நம்பினேன் அல்லவா. லென்ஸ் சுருக்கிக் காட்டும் என்பது தெரிந்துதான் கோடே போட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கும் மேலாக அந்தக் கோடு பொய் சொல்லவில்லை. சிவப்புக் கோட்டில் சுவர் வந்தால் நிஜமாகவே ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் இருக்கும், நானே இறங்கிப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள் இல்லை பல நாள். இன்றைக்கு மட்டும் பச்சைக் கோட்டில் இருந்த பிள்ளை எப்படி பம்பருக்கு வந்தது. ஓடி வந்தது என்றால் திரையிலும் ஓடி வந்திருக்க வேண்டும். ஓடித்தான் வந்தது, பார்த்தேன், பச்சைக்கு அந்தப் பக்கமிருந்து பச்சை வரைக்கும் வந்து நின்றது. நின்ற பிறகுதான் நான் சொன்னேன், தூரமாத்தான் நிக்குது, வாங்கண்ணே என்று. நின்றது. பச்சையில் நின்றது. நகத்தைச் சுரண்டுகிறேன், சந்தனம் பொடியாக உதிர்ந்து சேலையில் விழுகிறது, மஞ்சளாக. ஆயுத பூஜை அன்றைக்கு வேனைக் கழுவி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டீயரிங்குக்குப் பொட்டு, ஹாரனுக்குப் பொட்டு, என் துடைப்பத்துக்குக்கூடப் பொட்டு. நான் ஏணியில் ஏறி கேமராவுக்கும் இட்டேன், கண்ணில் படாமல் மேல் விளிம்பில், நெற்றியில் இடுவது மாதிரி. பால்சாமி அண்ணன் கீழேயிருந்து, "அதுதான இப்ப நமக்குக் கண்ணு, அதுக்கும் ஒரு மாலையப் போடுவோம்" என்றார். செவ்வந்தி மாலை, தண்ணீர் தெளித்து வைத்திருந்தது, தூக்கினால் கை இறங்கும். அதைக் கேமராவின் கழுத்திலேயே சுற்றிக் கட்டினார். இன்றைக்குக் காலையில் வாடித் தொங்கிய மாலையை அவர்தான் பிய்த்து எறிந்தார். ஒரு பூ மட்டும் விட்டுப்போய் திரையின் ஓரத்தில் பெரிதாக, ஆள் உயரத்துக்குப் பூத்துக் கிடந்தது, அதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சாமி கூடவே வருதுண்ணே என்றேன். பூவைத்தான் பார்த்தேன். அந்தப் பூவைப் பார்த்துச் சிரித்ததில் மற்றதைக் கவனிக்கவில்லை. மற்றது என்றால், பூவுக்கு மேலே, திரையின் மேல் பாதியில் எப்போதும் இருக்குமே, சந்தின் கடைசியில் வேப்ப மரம், அதற்கு மேலே கரண்ட் கம்பி, கம்பிக்கு மேலே.

வானம். திரையில் வானம் இல்லை. அதுதான், அதுதான் குறைந்தது. தினமும் திரையின் மேல் பாதி முழுக்க வானம் இருக்கும், வெளுத்துப்போய், ஓரங்களில் வளைந்து. இன்றைக்கு வானமும் இல்லை, வேப்ப மரத்தின் தலையும் இல்லை, உச்சி வரைக்கும் தரைதான் இருந்தது, கேட்டின் அடி திரையின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈர மாலை இழுத்து இழுத்து அந்தக் கண் தலை குனிந்துவிட்டது. தலை குனிந்தால் தரை எல்லாம் மேலே ஏறும், ஆனால் கோடு ஏறாது, அது கண்ணாடியில் எழுதின மாதிரி நின்ற இடத்திலேயே நிற்கும். பச்சைக் கோடு பம்பருக்குப் பக்கத்துக்கு வந்துவிட்டது, நான் அதைத் தூரத்துக் கோடு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "அண்ணே, மாலை" என்றேன். "எந்த மாலை?" சொன்னேன். கோணலாகத்தான் சொன்னேன், மாலையில் தொடங்கி வானத்துக்குப் போய் மறுபடி பூவுக்கு வந்து. பட்டனில் இருந்த கை நின்றுவிட்டது. "அப்ப நான் கட்டுன மாலைதானா" என்றார், மெதுவாக. நான் இதை நினைக்கவே இல்லை. அவரைக் காப்பாற்ற ஒன்று கிடைத்தது என்று நினைத்தேன், அது அவர் கழுத்துக்கே போகிறது. உள்ளே போய் மாலை என்று சொன்னால், யார் கட்டியது என்பார்கள். சாமிக்குக் கட்டினது, பொட்டு நான் இட்டது என்றால், அப்போ ரெண்டு பேரும் என்பார்கள். பெயர்தான் வேண்டும் அவர்களுக்கு. மேடமும்தான் அன்றைக்குத் தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், மாலை நல்லா இருக்கு பால்சாமி என்று சொன்னார்கள். அதையெல்லாம் சொல்ல முடியுமா. சொன்னாலும் மாலை இழுத்துக் கண் குனிந்தது, கோடு நின்றது, தரை ஏறியது என்பதை என் வாயால் கேட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

கதவு திறந்தது. பிள்ளையின் அப்பா வெளியே வந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பேசாமல் பிள்ளையிடம் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை. "முத்துராக்கு, வாங்க" என்றார்கள் மேடம். போனேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "உக்காருங்க. பயப்படாம நடந்தத நடந்தபடி சொல்லுங்க. பால்சாமி திரையப் பாக்காம எடுத்தாரா?" பாத்துத்தான் எடுத்தாரு என்றேன். அப்போ நீங்க என்றார்கள். "பிள்ள தூரமா இருந்துச்சு மேடம். பக்கத்துலதான் இருந்துச்சு." அவர்கள் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்கள். "ரெண்டுல எது?" இதுதான், இதற்குத்தான் பயந்தேன். முதல் கண்ணாடி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிட்டது, நேராக்க அடுத்தது என்னிடம் இல்லை. "எனக்குச் சொல்ல வராது மேடம்" என்றேன். "நீங்க வந்து என் சீட்டுல உக்காந்து பாருங்க. நான் பிள்ள இருந்த எடத்துல இருக்கேன்." என்ன நினைத்தார்களோ, எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

வேன் மைதானத்து ஓரத்தில் புங்க மரத்தடியில் நின்றது. மேடம் முன்னால் ஏறி என் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தார்கள். பால்சாமி அண்ணன் தன் சீட்டில். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ரிவர்ஸ் கியர் போட்டால்தான் அந்தத் திரையே உயிர் பெறும். பின்னால் நான் பிள்ளை உயரத்துக்குக் குந்தியிருக்க வேண்டும், வண்டி ரிவர்ஸ் கியரில் இருக்க வேண்டும், அவர் கால் நடுங்கிக்கொண்டிருக்கிறது, காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். "நா பிரேக்குலதான் கால வச்சிருக்கேன் ராக்கு, இஞ்சின் ஓடல, பயப்படாத" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். இருக்கட்டும்ணே என்றேன். பஞ்சர் பார்க்கும்போது வைக்கும் புளியமரக் கட்டை சீட்டுக்கு அடியில்தான் கிடக்கும், அதை இழுத்து எடுத்தேன். கனமாக இருந்தது. பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, காலால் உதைத்து, ரப்பரோடு இறுக்கினேன். அப்புறம்தான் பின்னால் போனேன். முட்டி இரண்டும் முறுக்கிக்கொள்ள, மெல்லக் குந்தினேன். நிமிர்ந்து பார்த்தேன். உச்சியில் அந்தச் சின்னக் கண் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, நெற்றியில் என் பொட்டோடு. கையை நீட்டி பம்பர் மேல் வைத்துக்கொண்டேன். வெயிலில் சுட்டது. உள்ளே கியர் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் மேடத்தின் குரல், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிடுகிற குரல். "முத்துராக்கு, ஏன் அங்க போயி தூரமா உக்காந்திருக்கீங்க? பயப்படாதீங்க, பிள்ள நின்ன எடத்துக்கு வாங்க. இன்னும் கொஞ்சம் பக்கத்துல வாங்க." நான் பம்பரிலிருந்து கையை எடுக்கவில்லை. "வந்துட்டேன் மேடம்" என்றேன். உள்ளங்கையால் தகரத்தில் தட்டினேன், முன்பெல்லாம் தட்டுவது போல. தட்டின சத்தம் அவர்கள் உட்கார்ந்திருந்த சீட்டு வரைக்கும் போயிருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தேன், கட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. இருந்தாலும் குந்தியபடியே ஒரு காலை நீட்டி, குதிகாலால் அதை இன்னும் ஒரு தடவை உள்ளே தள்ளி வைத்தேன்.